‘வித்’ என்றால் ‘எதிராக’ என்று ஒரு காலம் இருந்தது

சட்டக் கல்லூரியில் படிக்கும் ஒரு மாணவி இப்படிக் கேட்டிருந்தார்: “ஆங்கிலத்தில் ‘வித்’ என்றால் ‘உடன்’. அப்படியானால் ‘வித்ஸ்டாண்ட்’ என்பதற்கு ‘உடன் நிற்பது’ என்றுதானே பொருள் வர வேண்டும்? ‘எதிர்த்து நிற்பது’ என்று ஏன் வருகிறது? எதிர்ப்பு, மறுப்பு, கருத்து வேறுபாடு இவற்றுக்கெல்லாம் ஆங்கிலத்தில் இருக்கும் சொற்கள் எங்கிருந்து வந்தன?”

சட்ட ஆவணங்களை மொழிபெயர்ப்பது என் தொழில். இந்தச் சொற்களோடுதான் நாள் முழுவதும் புழங்குகிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வித் என்ற சொல்லின் பழைய பொருளே ‘எதிராக’ என்பதுதான். 1,000 ஆண்டுகளுக்கு முன் பேசப்பட்ட பழைய ஆங்கிலத்தில் அதற்கு ‘எதிரே’, ‘எதிராக’, ‘நோக்கி’ என்றெல்லாம் பொருள் இருந்தது. ‘உடன்’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் அவர்கள் ‘மிட்’ என்றார்கள். ஜெர்மானியர் இன்றைக்கும் உடன் என்பதற்கு மிட் என்றுதான் சொல்கிறார்கள். பிறகு வந்த இரண்டு மூன்று நூற்றாண்டுகளில் வித் கொஞ்சம் கொஞ்சமாக மிட்டின் இடத்தைப் பிடித்துக்கொண்டது, மிட் வழக்கொழிந்தது. அது ஒட்டிக்கொண்டிருக்கும் ஓர் இடம் ‘மிட்வைஃப்’. அந்தக் காலத்தில் வைஃப் என்றால் பெண் என்றுதான் பொருள். பிரசவ நேரத்தில் தாயின் கூடவே இருக்கும் பெண் மிட்வைஃப், நம் மருத்துவச்சி.

வித்தின் பழைய பொருள் மூன்று நான்கு சொற்களுக்குள் அப்படியே தங்கிவிட்டது. வித்ஸ்டாண்ட் என்றால் எதிர்த்து நிற்பது. வித்ஹோல்ட் என்றால் கொடுக்காமல் பின்னால் பிடித்துக்கொள்வது, வித்ட்ரா என்றால் பின்னால் இழுத்துக்கொள்வது. இந்த இரண்டிலும் ‘எதிர்த்திசையில்’ என்ற பொருள் ‘திரும்ப’, ‘விலகி’ என்று கொஞ்சம் நகர்ந்திருக்கிறது.

‘எதிராக’ என்ற சொல் ‘கூட’ என்று எப்படி மாற முடியும்? தமிழ்க்காரர்களுக்கு இது புரிவதில் கஷ்டமே இருக்கக் கூடாது. நம்முடைய ‘எதிர்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். எதிரி என்றால் பகைவன். எதிர்வீடு என்றால் தெருவுக்கு அந்தப் பக்கம் இருக்கும் வீடு, அங்கே நமக்குப் பகை ஒன்றும் இல்லை. எதிர்கொண்டு அழைப்பது வரவேற்பு. எதிர்பார்ப்பது ஆசையோடு காத்திருப்பது. மதுரைச் சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் நகருக்குள் வரும்போது மக்கள் திரண்டு போய் வரவேற்கிறார்களே, அதற்குப் பெயரே எதிர்சேவை. முகத்துக்கு முகம் நேராக இருப்பதுதான் எதிர். அப்படி நிற்பவர் கையில் அரிவாள் இருக்கிறதா, ஆரத்தித் தட்டு இருக்கிறதா என்பது அப்புறம் வரும் விஷயம். பழைய ஆங்கில வித்தும் ஏறத்தாழ இப்படிப்பட்ட சொல். சண்டை போடுவதும், பேசுவதும், பேரம் பேசுவதும் எதிரே ஒருவர் இருந்தால்தான் நடக்கும். சண்டையில் ‘எதிராக’ என்று இருந்தது, பேச்சிலும் பேரத்திலும் ‘கூட’ என்று காதில் விழத் தொடங்கியது. ஸ்காண்டிநேவியாவிலிருந்து வந்து குடியேறியவர்களின் மொழியில் இதே சொல் இரண்டு பொருளிலும் இருந்ததும் துணை செய்திருக்க வேண்டும்.

இன்றைக்கும் ‘ஃபைட் வித்’ என்ற தொடரில் இரண்டு பொருளும் உண்டு. பிரிட்டன் பிரான்சு ‘வித்’ சண்டையிட்டது என்றால், பிரான்சை எதிர்த்தா, பிரான்சோடு கூட்டுச் சேர்ந்தா? எந்தப் போர் என்று தெரிந்தால்தான் சொல்ல முடியும். தமிழிலும் ‘அண்ணனோடு சண்டை போட்டேன்’ என்கிறோம். ‘ஓடு’ என்பது சேர்க்கையைக் காட்டும் உருபு, ஆனால் சண்டை அண்ணனை எதிர்த்துத்தான். ஆங்கிலம் ‘எதிர்’ என்பதில் தொடங்கி ‘கூட’ என்பதற்கு வந்தது. நாம் ‘கூட’ என்ற உருபைக் கொண்டுபோய்ச் சண்டையில் வைத்திருக்கிறோம்.

வித் இப்படிக் கைநழுவிப் போனதும் ‘எதிராக’ என்று சொல்ல வேறொரு சொல் வேண்டியிருந்தது. அந்த வேலையை எடுத்துக்கொண்டது ‘அகெய்ன்ஸ்ட்’. அதுவும் ‘அகெய்ன்’ என்பதும் ஒரே வேரில் வந்தவை. பழைய ஆங்கிலத்தில் அந்த வேர்ச்சொல்லுக்கு ‘எதிரே’, ‘திரும்ப’ என்ற இரண்டு பொருளும் இருந்தன. திரும்ப வருவது அகெய்ன் ஆயிற்று, எதிராக வருவது அகெய்ன்ஸ்ட் ஆயிற்று. கடைசியில் இருக்கும் ‘ட்’ பிற்பாடு ஒட்டிக்கொண்ட வெறும் ஒலி, அமங்ஸ்ட், வைல்ஸ்ட் இரண்டிலும் அப்படித்தான். இங்கேயும் தமிழ் பக்கத்திலேயே நிற்கிறது. மறுபடியும் என்கிறோம், மறுப்பு என்கிறோம், இரண்டிலும் ‘மறு’ இருக்கிறது. மறுத்துப் பேசுவதற்கு ஆங்கிலத்தில் ‘கெய்ன்சே’ என்று ஒரு சொல் உண்டு. அதில் வரும் ‘கெய்ன்’ லாபம் என்ற கெய்ன் இல்லை, அகெய்ன்ஸ்ட்டில் இருப்பதுதான். லத்தீன் வழியாக வந்த ‘கான்ட்ரடிக்ட்’ என்பதற்கும் சொல்லுக்குச் சொல் இதே பொருள்தான், எதிராகச் சொல்வது. இன்று எல்லோரும் கான்ட்ரடிக்ட்டைத்தான் பயன்படுத்துகிறார்கள். கெய்ன்சே என்பது எழுத்தில் மட்டும், அதுவும் அபூர்வமாக வருகிறது. எனக்கு அந்தச் சொல்மேல் தனிப் பிரியம் உண்டு.

அடுத்த சொல்லை யாரும் எதிர்ப்புச் சொல்லாக நினைப்பதே இல்லை: ‘ஆன்சர்’. பழைய வடிவம் ‘அண்ட்ஸ்வரு’. இதில் ‘அண்ட்’ என்பது எதிர் என்ற பொருள் தரும் முன்னொட்டு, கிரேக்க ‘ஆன்ட்டி’யின் உறவுக்காரன். இரண்டாம் பாதி, சத்தியம் செய்வது என்ற பொருளில் இன்றும் இருக்கும் ‘ஸ்வேர்’. ஆக ஆன்சர் என்றால் எதிர்ச்சத்தியம். ஒருவன்மேல் குற்றம் சாட்டினால், அவன் சபை நடுவே எழுந்து ‘நான் செய்யவில்லை’ என்று ஆணையிட்டுச் சொல்ல வேண்டும். அதுதான் முதல் ஆன்சர். பள்ளிக்கூடத்தில் கேள்விக்குப் பதில் எழுதும் ஆன்சர் அதன் சாதுவான பேரன்.

அந்தச் சொல் தன் பழைய சூட்டோடு வரும் இடம் ஒன்று உண்டு. 991ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியில் மால்டன் என்ற ஊர். பிளாக்வாட்டர் ஆற்றின் கழிமுகத்தில் ஸ்காண்டிநேவியக் கடற்கொள்ளையரான வைக்கிங்குகளின் படை வந்து இறங்கியிருக்கிறது. இந்தக் கரையில் பிரிட்நோத் என்ற தலைவனின் கீழ் உள்ளூர்ப் படை. நடுவே தண்ணீர். வைக்கிங் தூதன் அந்தப் பக்கத்திலிருந்து கூவுகிறான்: பொன்னைக் கொடுத்துவிடுங்கள், சண்டையில்லாமல் போய்விடுகிறோம். பிரிட்நோத் கேடயத்தை உயர்த்தி, ஈட்டியை அசைத்து, கோபத்தோடும் உறுதியோடும் ‘ஆன்சர்’ கொடுத்தான் என்கிறது அந்தப் போரைப் பாடும் பழைய ஆங்கிலக் கவிதை. இந்த மக்கள் உனக்குத் தரும் கப்பம் ஈட்டிமுனைதான் என்பதே அவன் சொன்னது. போரில் பிரிட்நோத் இறந்தான், இங்கிலாந்துப் படை தோற்றது. அந்த வரியைப் படிக்கும்போது ஆன்சர் என்பதற்குப் ‘பதில்’ என்று மொழிபெயர்க்க எனக்குக் கை வரவில்லை. ‘எதிர்மொழி’ என்றால்தான் சரியாக இருக்கும்.

பிரிட்நோத்தின் காலத்தில் பகைவனுக்கு இருந்த சொல் ‘ஃபீண்ட்’டின் பழைய வடிவம். ‘வெறுக்கிறவன்’ என்று பொருள். அதே அச்சில், ‘நேசிக்கிறவன்’ என்ற பொருளில் வார்த்தது ‘ஃப்ரெண்ட்’. இரண்டும் ஜோடியாக இருந்த சொற்கள். 1066இல் பிரான்சிலிருந்து வந்த நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சு மொழி அரண்மனைக்கும் நீதிமன்றத்துக்கும் வந்தது. 13ஆம் நூற்றாண்டில் ‘எனிமி’ வந்து பகைவனின் இடத்தில் உட்கார்ந்தது. லத்தீனில் அதன் பொருள் ‘நண்பன் இல்லாதவன்’. இடம் இழந்த ஃபீண்ட் சாத்தானையும் கொடூரனையும் குறிக்கும் சொல்லாகச் சுருங்கிப்போனது. ஃப்ரெண்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.

நீதிமன்றம் என்றதும் இன்னும் மூன்று சொற்களைச் சொல்லியாக வேண்டும். ‘ஃபார் தி ஸேக் ஆஃப்’ என்று ‘பொருட்டு’ என்ற பொருளில் சொல்கிறோமே, அந்த ‘ஸேக்’ பழைய ஆங்கிலத்தில் வழக்கு, சச்சரவு. ஒருவரின் ஸேக்குக்காக ஒன்றைச் செய்வது என்றால் அவர் வழக்கில் அவர் பக்கம் நிற்பது. ‘திங்’ என்றால் பஞ்சாயத்து கூடும் சபை. ஐஸ்லாந்தின் நாடாளுமன்றத்துக்கு இன்றும் ஆல்திங் என்றே பெயர், அது 930இல் தொடங்கியது. சபை, பிறகு சபையில் பேசும் விவகாரம், பிறகு எந்த விவகாரமும், கடைசியில் எந்தப் பொருளும் என்று தேய்ந்து தேய்ந்து, இன்றைக்குப் பெயர் தெரியாத எதையும் குறிக்கும் சொல்லாகிவிட்டது. மூன்றாவது உங்களுக்கு நன்றாகத் தெரிந்தது: ‘மூட்’. உங்கள் கல்லூரியில் மூட் கோர்ட் நடக்கும், இல்லையா? பழைய ஆங்கிலத்தில் மூட் என்றாலும் கூட்டம், சபை. லண்டன் சட்டப் பள்ளிகளில் மாணவர்கள் கற்பனை வழக்கை வைத்து வாதாடிப் பழகுவதற்கு அந்தப் பெயர் வந்தது. மூட் பாயின்ட் என்றால் இரு பக்கமும் வாதாட இடமுள்ள கேள்வி. அமெரிக்காவில் அது ‘இனி வாதாடிப் பயனில்லாத கேள்வி’ என்று தலைகீழாகிவிட்டது. அமெரிக்கத் தீர்ப்புகளைப் படிக்கும்போது இதில் கவனமாக இருங்கள்.

பிரெஞ்சு வழியாக வந்தவற்றில் ‘டிபேட்’ முதலில் அடிதடி. அடிப்பது என்ற பொருள் தரும் ‘பேட்டில்’, ‘பேட்டரி’ இவற்றின் வேர்தான் அதிலும் இருக்கிறது. நாம் விவாதத்தைச் சொற்போர் என்பதுபோல. ‘குவாரல்’ முதலில் முறையீடு, அதாவது புகார் மனு. ‘ஆர்க்யூ’ என்பதன் லத்தீன் மூலத்துக்கு ‘தெளிவாக்கு’ என்று பொருள். அதை வெள்ளியைக் குறிக்கும் சொல்லோடும், வெண்மை, பளபளப்பு என்ற பழைய வேரோடும் மொழியியலாளர்கள் சேர்த்துச் சொல்கிறார்கள். நம் ‘விளக்கம்’ என்ற சொல்லில் விளக்கின் வெளிச்சம் இருப்பது நினைவுக்கு வருகிறது. ‘ஆப்ஜெக்ட்’ என்றால் குறுக்கே எறிவது.

‘ரைவல்’ என்ற சொல்லை மட்டும் நான் அப்படிச் சுருக்கமாகத் தாண்டமாட்டேன். லத்தீனில் ‘ரீவுஸ்’ என்றால் ஓடை, வாய்க்கால். ஒரே வாய்க்காலில் தண்ணீர் எடுக்கும் இரண்டு பேர் ஒருவருக்கொருவர் ‘ரீவாலிஸ்’. ஆக, ரைவல் என்றால் தண்ணீர்ப் பங்காளி. இந்த இடத்தில் தமிழ் வாசகருக்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. பங்காளி என்றால் பங்கு உடையவர், அவ்வளவுதான். ஆனால் பங்காளிச் சண்டை என்றால் என்ன என்று ஊரில் பிறந்த யாருக்கும் தெரியும். வரப்புக்கும் வாய்க்காலுக்கும் நடுவே பங்கு இருப்பதால்தான் தகராறு வருகிறது, பங்கே இல்லாதவனோடு நமக்கு என்ன சண்டை? ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் நாடகத்தின் முதல் காட்சியில் ஒரு காவலாளி, தன்னோடு இரவுக் காவல் நிற்க வரவேண்டிய இருவரை ‘என் காவலின் ரைவல்கள்’ என்கிறான். அங்கே கூட்டாளிகள் என்றுதான் பொருள். 1600ஐ ஒட்டிய காலத்தில்கூட அந்த இன்னொரு பொருள் உயிரோடு இருந்திருக்கிறது.

அப்புறம் ‘ஆப்போசிஷன்’. லத்தீனில் எதிரே வைப்பது என்று பொருள். 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தபோது அது வானத்தில் இருந்த சொல். பூமியிலிருந்து பார்க்கையில் சூரியனும் இன்னொரு கோளும் நேர் எதிர்த்திசைகளில் இருந்தால் அது ஆப்போசிஷன். பௌர்ணமி நிலா ஆப்போசிஷனில் இருக்கிறது. வியாழன் ஆப்போசிஷனுக்கு வரும் நாட்களில்தான் நமக்கு மிக அருகில், மிகப் பிரகாசமாகத் தெரியும்.

வானத்திலிருந்து இறங்கிய அந்தச் சொல் நாடாளுமன்றத்துக்கு வந்தது. லண்டன் காமன்ஸ் சபையில் உறுப்பினர்கள் எதிரெதிர் வரிசைகளில் உட்கார்ந்திருப்பதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். அது தேவாலயத்திலிருந்து வந்த ஏற்பாடு. 16ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து 1834இல் தீ விபத்து நேரும்வரை அவர்கள் கூடியது புனித ஸ்டீபன் சிற்றாலயத்தில். அங்கே பாடகர் குழுவுக்கு இரு பக்கமும் எதிரெதிரே இருந்த இருக்கைகளே உறுப்பினர்களின் இருக்கைகளாயின. 1941இல் ஜெர்மானியக் குண்டு விழுந்து மண்டபம் சிதைந்தபோதும், அரைவட்டமாக மாற்ற வேண்டாம், பழைய எதிரெதிர் வடிவிலேயே கட்ட வேண்டும் என்று பிரதமர் சர்ச்சில் வாதாடி வென்றார்.

அந்தப் பாடகர்கள் ஏன் இரண்டு பக்கமாக உட்கார்ந்தார்கள்? ஒரு பக்கம் ஓர் அடியைப் பாட, மறுபக்கம் அடுத்த அடியைப் பாடும். நம் பஜனைகளில் இரண்டு கோஷ்டிகள் மாறி மாறிப் பாடுவதுபோல. அந்த எதிர்ப்பாட்டுக்குக் கிரேக்கத்திலிருந்து வந்த பெயர் ‘ஆன்டிஃபன்’: ஆன்ட்டி என்றால் எதிர், ஃபோன் என்றால் குரல். அந்தப் பெயர் பழைய ஆங்கிலத்தின் வாயில் உருண்டு தேய்ந்து என்ன ஆயிற்று தெரியுமா? ‘ஆன்தம்’. எல்லோரும் எழுந்து நின்று ஒரே குரலில் பாடும் தேசிய கீதத்துக்கு ஆங்கிலத்தில் இருக்கும் பெயருக்குள் ஓர் ‘எதிர்’ இருக்கிறது. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த செய்தி இதுதான்.

எதிர்க்கட்சிக்கு வருவோம். 1826இல் ஜான் ஹோப்ஹவுஸ் என்ற உறுப்பினர் காமன்ஸ் சபையில் பேசும்போது ‘மாட்சிமை தங்கிய மன்னரின் எதிர்க்கட்சி’ என்றார். மன்னரின் அமைச்சர்கள் என்று ஒரு தொடர் இருந்தது, அதைப்போல இது. சபை சிரித்தது. சிரிப்போடு போயிருக்க வேண்டிய சொல் நிலைத்துவிட்டது. அரசை எதிர்ப்பவன் துரோகி இல்லை, அவனும் அரசமைப்புக்குள் ஒரு பதவியில் இருப்பவன் என்ற எண்ணத்துக்கு அது ஒரு பெயர் கொடுத்தது. 1937இல் பிரிட்டன் எதிர்க்கட்சித் தலைவருக்குச் சட்டப்படி சம்பளம் கொடுக்கத் தொடங்கியது. இந்தியாவில் அதற்கான சட்டம் 1977இல் வந்தது, நெருக்கடி நிலை முடிந்த அதே ஆண்டில்.

மத வழக்குகளிலிருந்து வந்த சொற்கள் இரண்டு. ‘புரோட்டஸ்ட்’ என்றால் முதலில் எதிர்ப்பே இல்லை. பலர் அறியச் சாட்சி சொல்வது, உறுதி கூறுவது. ஹாம்லெட்டில் ‘அந்தப் பெண் அளவுக்கு மீறி புரோட்டஸ்ட் செய்கிறாள்’ என்று ஒரு வரி வரும். கல்லூரியில் அதை முதன்முதலாகப் படித்தபோது, அவள் எதையோ மறுக்கிறாள் என்று நான் நினைத்தேன். எங்கள் பேராசிரியர் நிறுத்தி, முந்தின பத்து வரிகளை என்னையே படிக்கச் சொன்னார். நாடகத்துக்குள் நடக்கும் நாடகத்தில் ஒரு ராணி, கணவன் இறந்தால் மறுமணம் செய்யமாட்டேன் என்று மேலும் மேலும் சத்தியம் செய்கிறாள். அந்தச் சத்தியம்தான் புரோட்டஸ்ட். பொருள் மாறியதில் 1529க்குப் பெரிய பங்கு உண்டு. அந்த ஆண்டு ஜெர்மனியின் ஷ்பையர் நகரில் கூடிய பேரரசுச் சபை, லூத்தரின் சீர்திருத்தத்துக்குக் கொடுத்திருந்த இடத்தைத் திரும்பப் பெறத் தீர்மானித்தது. ஆறு சிற்றரசர்களும் 14 நகரங்களும் சேர்ந்து, இதற்கு நாங்கள் உடன்படவில்லை என்று முறைப்படி அறிக்கை கொடுத்தார்கள். அதன் பெயர் புரோட்டஸ்டேஷன். கொடுத்தவர்கள் புரோட்டஸ்டன்ட்கள். அறிக்கை என்ற பொருள் மங்கி, எதிர்ப்பு என்ற பொருள் மேலே வந்தது.

‘டிசென்ட்’ என்றால் வேறாக உணர்வது. ‘கன்சென்ட்’ என்றால் சேர்ந்து உணர்வது. இரண்டுக்கும் வேர் ‘உணர்’ என்ற லத்தீன் சொல். 1662இல் இங்கிலாந்துத் திருச்சபையின் வழிபாட்டு முறையை எல்லாப் போதகர்களும் ஏற்க வேண்டும் என்று சட்டம் வந்தது. ஏற்காத சுமார் 2,000 பேர் தங்கள் பதவியை இழந்தார்கள். அவர்களும் அவர்கள் வழி வந்தவர்களும் டிசென்டர்கள் எனப்பட்டார்கள். இன்றைக்கு அந்தச் சொல் உங்கள் பாடப்புத்தகத்தில் நீதிபதிகளுக்கு உரியது. 1976 ஏப்ரலில் ஜபல்பூர் வழக்கில், நெருக்கடி நிலையின்போது காவலில் வைக்கப்பட்டவர் நீதிமன்றத்தை நாட முடியாது என்று நான்கு நீதிபதிகள் சொன்னபோது, எச்.ஆர். கன்னா ஒருவர் மட்டும் எழுதிய மாறுபட்ட தீர்ப்பை நீங்கள் படித்திருப்பீர்கள். 2017இல் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்தப் பெரும்பான்மைத் தீர்ப்பைத் தவறு என்று நீக்கியது. 41 ஆண்டுகள் ஒரு டிசென்ட் காத்திருந்தது.

சரி, எல்லாவற்றிலும் சின்ன எதிர்ப்புச் சொல்லான ‘நோ’வை எப்படி விடுவது? அதைவிட வியப்பு ‘எஸ்’. பழைய முறையில் ஆங்கிலத்துக்கு நான்கு விடைச் சொற்கள் இருந்தன. ‘அவன் வருவானா?’ என்று நேராகக் கேட்டால் ‘யே’ அல்லது ‘நே’. ‘அவன் வரமாட்டானா?’ என்று எதிர்மறையாகக் கேட்டால் ‘எஸ்’ அல்லது ‘நோ’. அதாவது எஸ் என்பது, கேள்வியில் இருக்கும் எதிர்மறையை மறுத்து ‘ஏன் வராமல்? வருவான்’ என்று சொல்லும் சொல். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இந்த வித்தியாசம் குழம்பிவிட்டது. பைபிளை மொழிபெயர்த்த டிண்டேல் இதைத் தவறாகப் பயன்படுத்திவிட்டார் என்று தாமஸ் மோர் 1532இல் குறை சொன்னார். பிறகு யேவும் நேயும் ஒதுங்கின, எஸ்ஸும் நோவும் எல்லா இடத்தையும் எடுத்துக்கொண்டன.

நம்மவர்கள் ஆங்கிலத்தில் தடுமாறும் ஓர் இடம் இதில் தெளிவாகும். ‘நீ சாப்பிடலையா?’ என்று தமிழில் கேட்டால், சாப்பிடாதவர் ‘ஆமா, சாப்பிடலை’ என்பார். கேட்டவர் சொன்னது சரி என்பதற்கு அந்த ஆமாம். அதே பழக்கத்தில் ஆங்கிலத்தில் ‘எஸ்’ என்றால், சாப்பிட்டுவிட்டார் என்று ஆங்கிலேயர் எடுத்துக்கொள்வார். எதிர்மறைக் கேள்விக்கு வரும் எஸ் இன்னும் தன் பழைய வேலையைத்தான் செய்கிறது, கேள்வியை மறுக்கிறது.

இதுவரை சொன்னவை எல்லாம் மெல்ல மெல்ல மாறியவை. ‘பாய்காட்’ சில வாரங்களில் பிறந்தது. 1880, அயர்லாந்தின் மேயோ மாவட்டம். எர்ன் பிரபுவின் நிலங்களைப் பார்த்துக்கொண்டவர் கேப்டன் சார்லஸ் பாய்காட். விளைச்சல் மோசம், குத்தகையைக் குறையுங்கள் என்று குடியானவர்கள் கேட்டார்கள். அவர்கள் கேட்ட அளவு கிடைக்கவில்லை, வெளியேற்றும் நோட்டீஸ்தான் வந்தது. அந்தச் செப்டம்பரில் பார்னெல் என்ற தலைவர் எனிஸ் நகரக் கூட்டத்தில் ஒரு வழி சொல்லியிருந்தார்: அடிக்காதீர்கள், ஒதுக்கிவையுங்கள். கடையில், தெருவில், சர்ச்சில் பார்த்தாலும் பேசாதீர்கள். பாய்காட்டின் வயலுக்கு ஆள் வரவில்லை. வீட்டு வேலைக்காரர்கள் நின்றுகொண்டார்கள். துணி வெளுப்பவர், கொல்லர், தபால் கொண்டுவரும் பையன் யாரும் வரவில்லை, கடைக்காரர் சாமான் கொடுக்கவில்லை. வெளியூரிலிருந்து 50 பேர் ராணுவக் காவலோடு வந்து அறுவடை செய்தார்கள். சுமார் 500 பவுண்டு விளைச்சலுக்கு அரசின் செலவு சுமார் 10,000 பவுண்டு என்று அன்று கணக்கிட்டார்கள். நவம்பர் கடைசியில் பாய்காட் குடும்பத்தோடு ஊரைவிட்டுப் போனார்.

பெயர் வைத்த கதையை ரெட்பாத் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் எழுதியிருக்கிறார். ஒதுக்கிவைப்பதற்கு ‘ஆஸ்ட்ரசிசம்’ என்று பழைய ஏதென்ஸ் நகரத்துச் சொல் உண்டு. அது குடியானவர்களுக்குப் புரியாதே என்று அவர் யோசிக்க, உள்ளூர்ப் பாதிரியார் ஜான் ஓமாலி, ‘பாய்காட் செய்வது என்று சொன்னால் என்ன?’ என்றாராம். நவம்பரிலேயே லண்டன் பத்திரிகைகளில் அது வந்துவிட்டது. பிரெஞ்சு, ஜெர்மன், ரஷ்ய மொழிகளும் எடுத்துக்கொண்டன. 1905இல் வங்கப் பிரிவினையை எதிர்த்த சுதேசி இயக்கத்தில் அதே சொல் அன்னியத் துணிக்கு எதிராக எழுந்தது. தமிழில் பகிஷ்காரம், புறக்கணிப்பு என்று எழுதினோம். ஒரு மனிதரின் குடும்பப் பெயர், அவர் விரும்பாமலேயே, அவரை எதிர்த்தவர்களின் சொல்லாகிவிட்டது.

இத்தனை சத்தத்துக்குப் பிறகு, அன்றாடம் நாம் சொல்லும் ‘டிசக்ரீ’ எவ்வளவு மென்மையான சொல் என்று பாருங்கள். ‘அக்ரீ’ என்பது ‘மனசுக்குப் பிடித்தபடி’ என்ற பிரெஞ்சுத் தொடரிலிருந்து வந்தது. டிசக்ரீ என்றால் மனசுக்கு ஒவ்வவில்லை. சாப்பாட்டுக்கும் அதையே சொல்கிறார்கள், கத்திரிக்காய் எனக்கு டிசக்ரீ ஆகிறது என்று. நாமும் ‘ஒத்துக்கொள்ளவில்லை’ என்ற ஒரே சொல்லைக் கருத்துக்கும் கத்திரிக்காய்க்கும் சொல்கிறோம். 1770இல் ஜான் வெஸ்லி என்ற கிறிஸ்தவப் போதகர், தன் பழைய நண்பர் ஜார்ஜ் வைட்ஃபீல்டுக்கு நடந்த இரங்கல் வழிபாட்டில் பேசினார். கடவுள் யாரை ரட்சிப்பார் என்ற கேள்வியில் இருவரும் பல வருடங்கள் மோதிக்கொண்டவர்கள். முக்கியமில்லாத கொள்கைகளில் நாம் ‘டிசக்ரீ செய்ய அக்ரீ’ ஆகலாம் என்றார் வெஸ்லி அந்த உரையில். இன்று கூட்டங்களை முடித்துவைக்க எல்லோரும் சொல்லும் வாக்கியம், ஒரு நண்பரின் சாவுக்குப் பிறகு பேசிய பேச்சில் இருக்கிறது.

கடைசியாக, உங்கள் படிப்புக்கு நேராகப் பயன்படும் ஒன்று. ‘ஆனால்’ என்ற பொருளில் வரும் ‘பட்’ பழைய ஆங்கிலத்தில் ‘வெளியே’ என்று பொருள்படும் சொல். ஒன்றைச் சொல்லிவிட்டு, அதற்கு வெளியே இருப்பதைச் சொல்வதுதான் பட். சட்டம் எழுதுகிறவர்களுக்கு அது போதாது. ஒரு பிரிவு இன்னொரு பிரிவை மீறி நிற்க வேண்டும் என்றால், ‘நான் ஆப்ஸ்டான்டே’ என்று லத்தீனில் எழுதிக்கொண்டிருந்தார்கள். ‘குறுக்கே நிற்காமல்’ என்று பொருள். 14ஆம் நூற்றாண்டில் அதை ஆங்கிலத்தில் துண்டு துண்டாகப் பெயர்த்தார்கள்: நாட், வித், ஸ்டாண்டிங், சேர்த்தால் ‘நாட்வித்ஸ்டாண்டிங்’. தமிழில் நாங்கள் ‘எது எவ்வாறிருப்பினும்’ என்றும் ‘என்னவாக இருந்தபோதிலும்’ என்றும் எழுதுகிறோம், ஆனால் குறுக்கே ஒருவர் நிற்கும் அந்தக் காட்சி தமிழில் வருவதில்லை. அரசியலமைப்பைத் திருத்தும் அதிகாரம் பற்றிய 368ஆவது பிரிவைத் திறந்து பாருங்கள். அதன் முதல் உட்பிரிவு அந்தச் சொல்லில்தான் தொடங்குகிறது. அதில் ‘நாட்’ என்பதற்கும் ‘ஸ்டாண்டிங்’ என்பதற்கும் நடுவே நீங்கள் கேட்ட வித் இருக்கிறது, பழைய பொருளோடு.